கார்ப்பரேஷன் தண்ணிக்கு ஆர்.ஓ. தேவையா? டெமோ பார்த்து அம்மா பயந்துட்டாங்க

சத்துவாச்சாரி வாசி
ஞாயிறு, காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ரெண்டு தண்ணி. கீழ சம்ப்புல வேலூர் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி, காவிரின்னு சொல்றாங்க. எப்ப வரும்னு தெரு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தாதான் தெரியும். மாடி டேங்க்ல போர் தண்ணி. அதுல குளிச்சா சோப்பு நுரைக்காது, பக்கெட் விளிம்புல வெள்ளையா படியும். இத்தனை வருஷமா குழாய்த் தண்ணியை வடிகட்டி, காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

நேத்து ஆர்.ஓ., அதான் தண்ணியில உப்பெடுக்கிற மெஷின், விக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. ரெண்டு கண்ணாடி டம்ளர்: ஒண்ணுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் பாட்டில்ல கொண்டாந்த மெஷின் தண்ணி. கம்பி நீட்டிகினு இருக்கிற ஒரு கருவியை ரெண்டுலயும் இறக்கி, பிளக்ல போட்டாரு. ஒரு நிமிஷம்கூட ஆகல. எங்க தண்ணி மஞ்சளாகி, பழுப்பாகி, அப்புறம் சாக்கடை மாதிரி கரும்பச்சையா திரண்டு மேல மிதக்குது. அவர் தண்ணி அப்படியே நிக்குது. அம்மா "இதையா பேரப் புள்ளைக்குக் குடுத்தேன்"னு தலையில கை வச்சுட்டாங்க.

விலை 18,500. டி.டி.எஸ். மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவாம்) குழாய்த் தண்ணி 310, போர் 1420, அவர் தண்ணி 28. வாங்கிடலாமா?

குடியாத்தம் சர்வீஸ்
ஞாயிறு, காலை 8:47

ண்ணா, பணத்தை எடுத்துராதீங்க. அந்தக் கருவி என் பையிலயும் ஒண்ணு கிடக்குது. பதினொரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆரம்பத்துல நானும் அதை வச்சு வித்திருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதுல ரெண்டு கம்பி இரும்பு, ரெண்டு அலுமினியம். கரண்ட் போனா இரும்பு கரையும். டம்ளர்ல நீங்க பார்த்த கரும்பச்சை, அந்தக் கம்பியோட துரு. தண்ணியில இருந்த அழுக்கு இல்ல. உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் பாயும், உப்பு எடுத்த தண்ணியில பாயாது. விஷயம் அவ்ளோதான். உப்பெடுக்காத நிஜ மினரல் வாட்டர் பாட்டில் வாங்கி ஊத்திப் பாருங்க, அதுவும் மஞ்சளாகும்.

அவர் மறுபடி வந்தா ஒண்ணு பண்ணுங்க. அவரோட மெஷின் தண்ணியில ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டுக் கலக்கிட்டு, "இப்ப இறக்குங்க"ன்னு சொல்லுங்க. உங்க தண்ணியை விட அசிங்கமா திரளும்.

முள்ளுக்கத்திரி
ஞாயிறு, காலை 9:02

🤣 எங்க மாமனார் வீட்டுல இதே டெமோவுல 22,000 போச்சு. இப்ப அந்த மெஷின் மேல ஊறுகாய் ஜாடி வச்சிருக்காங்க.

ஓய்வுபெற்ற பிப்பெட்
ஞாயிறு, காலை 10:30

முப்பது வருடங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

மீட்டர் காட்டுகிற டி.டி.எஸ். எண்ணை வைத்துத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அந்தப் பேனா மீட்டர் அளப்பது மின்கடத்தலை. அதை ஒரு எண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. கால்சியமா, சோடியமா, ஃப்ளோரைடா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தால் சுத்தமாகத் தெரியாது. சாக்கடை கலந்த 250-ஐயும் நல்ல 250-ஐயும் அது ஒன்றாகத்தான் காட்டும்.

இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மை (சோப்பை நுரைக்கவிடாத சுண்ணாம்புச் சத்து) 200, வழியில்லையேல் 600. ஃப்ளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, இதற்குத் தளர்வே கிடையாது. மொத்தக் குரோமியம் 0.05. ஈ.கோலை என்கிற மலக்கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உங்கள் 310, உப்புக் கணக்கில் நல்ல தண்ணீர். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 500-க்குக் கீழுள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று அரசுக்கு உத்தரவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது கிருமி பற்றி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு தண்ணீரையும் கொடுங்கள். கட்டணம் உண்டு, மெஷின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. கிருமிப் பரிசோதனைக்குச் சுத்திகரித்த பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்பான பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனால் அந்த பாட்டிலின் கிருமியைத்தான் சோதித்து வருவீர்கள்.

பாலாற்று மணல்
ஞாயிறு, காலை 11:15

எல்லாரும் மெஷினைப் பத்தியே பேசறீங்க. இந்த ஊருக்கு ஏன் மெஷின் வந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? எங்க தாத்தா காலத்துல பாலாத்து மணல்ல கையால ஒரு முழம் தோண்டினா ஊத்துத் தண்ணி வரும், அதைச் செரட்டையில மொண்டு குடத்துல ஊத்திகினு வருவாங்க. மணலை அள்ளினாங்க, தோல் கழிவை விட்டாங்க. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் வழக்குல "மாசு பண்ணவன் பணம் கட்டணும்"னு தீர்ப்பு சொல்லிச்சு. சட்டம் படிக்கிற பசங்க நாடு முழுக்க நம்ம ஊர் பேரைச் சொல்லிப் பரீட்சை எழுதறாங்க. நம்ம கேன் வாங்கிகினு இருக்கோம்.

2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல மெட்ராசுக்குத் தண்ணி போச்சு, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதை டிவியில பார்த்தப்ப எங்க வீட்டுக் குழாயில காத்துதான் வந்துச்சு.

ஆம்பூர் ஷிஃப்ட்
ஞாயிறு, மதியம் 1:40

மணல் அண்ணே சொல்றது நியாயம்தான். நான் தோல் கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல ஷிஃப்ட் பாக்கறேன். எங்ககிட்டயும் ஆர்.ஓ.தான் ஓடுது. வீட்டு மெஷின்ல கை நீளம் இருக்கிற அதே சமாச்சாரம், இங்க ஆள் உயரத்துல வரிசையா நிக்கும்.

வெளிய பெரும்பாலும் குரோமியத்தையே பேசுவாங்க. எங்களுக்குத் தினம் ரோதனை சாதா உப்பு. தோல் அழுகாம இருக்க உப்பு போட்டுத்தான் மண்டிக்கு வருது. அதை ஊற வச்சுக் கழுவினதும் அத்தனை உப்பும் தண்ணியில இறங்கிடும். குரோமியத்தைக் காரம் போட்டுப் படிய வச்சுரலாம். சாதா உப்பை அப்படிப் படிய வைக்க முடியாது, மெம்பிரேன்தான் வழி, அதான் ஆர்.ஓ.வுக்குள்ள இருக்கிற சவ்வு. மெம்பிரேன் அதை அழிக்கவும் செய்யாது, ஒரு பக்கமா ஒதுக்கும். ஒதுங்கின தண்ணியை நாங்க ஆத்துல விட முடியாது. கொதிக்க வச்சு ஆவியாக்கி உப்பா எடுக்கணும். அந்தக் கொதிகலன் செலவு இருக்கே, அதுதான் ஆலைக்காரங்களை அழ வைக்குது.

வீட்டு மெஷின்ல அந்த ஒதுங்கின தண்ணி நேரா சிங்க்ல போகுது. யாரும் கேக்கறது இல்ல.

முள்ளுக்கத்திரி
ஞாயிறு, மதியம் 2:05

இந்த யு.எஃப்., ஆர்.ஓ.னு சொல்றாங்களே, ரெண்டும் மெம்பிரேன்தானா? எது எதைப் பிடிக்கும்? நான் கணக்கு வாத்தியார், கெமிஸ்ட்ரி வராது. புரியற மாதிரி சொல்லுங்கப்பா.

குடியாத்தம் சர்வீஸ்
ஞாயிறு, இரவு 9:20

சார், இப்பதான் கடைசி வீடு முடிச்சேன்.

யு.எஃப். குழாயை அறுத்துப் பார்த்தா உள்ள வெள்ளையா சேமியா கட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சேமியாவும் நடுவுல ஓட்டை உள்ள நரம்பு. அதோட சுவத்துல இருக்கிற துளை 0.01லிருந்து 0.1 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு). பாக்டீரியா 0.2 மைக்ரானுக்கு மேலதான், அதனால உள்ள நுழையாது. கலங்கலும் நிக்கும். வைரஸ்ல பெரும்பாலானது நிக்கும், ரொம்பப் பொடிசு தப்பலாம். உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் தண்ணியில கரைஞ்சது, அது ஜாலியா தாண்டிப் போகும். கரண்ட் வேணாம், மேல் தொட்டியிலிருந்து தண்ணி இறங்குற அழுத்தமே போதும். தண்ணி வீணாகாது. அப்பப்ப கழுவி விடற தண்ணி மட்டும்தான் செலவு.

ஆர்.ஓ. அப்படி இல்ல. அதுல துளைன்னு சொல்றதே பேச்சுக்குத்தான், 0.0001 மைக்ரான்னு போடுவாங்க. மாங்காயில உப்பு போட்டா தண்ணி தானா வெளிய வருது இல்ல, உப்பு இருக்கிற பக்கம் தண்ணி ஓடும். அதுதான் இயற்கை. ஆர்.ஓ.ல பம்ப்பை வச்சு அமுக்கி, உப்புப் பக்கத்திலிருந்து நல்ல பக்கம் தண்ணியைத் தள்ளறோம். அதனாலதான் கரண்ட் வேணும், ஒதுங்கின தண்ணி வெளிய போகணும்.

நடுவுல நானோன்னு ஒண்ணு இருக்கு. கடினத்தை நிறைய எடுக்கும், சாதா உப்பைப் பாதி விட்டுடும். வீட்டுல அதிகம் போடறது இல்ல.

துபாய் வேலூரான்
ஞாயிறு, இரவு 10:11

நாங்க இங்க கடல் தண்ணியை உப்பெடுத்துத்தான் குடிக்கிறோம். யாரும் சாகல. நம்ம ஊருல ஆர்.ஓ. தண்ணியில எலும்பு உருகுதுன்னு வாட்ஸ்அப்ல போட்டுகினு இருக்கீங்க 😄

ஓய்வுபெற்ற பிப்பெட்
திங்கள், காலை 6:50

தம்பி, சென்னைக்கும் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆனால் பெரிய ஆலையில் உப்பை எடுத்தபின் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் குழாயில் விடுவார்கள். வீட்டு மெஷினில் 28-க்கு இறக்கிவிட்டு, அதைச் சுத்தத்தின் சான்றிதழாக விற்கிறார்கள். எலும்பு உருகாது. சாப்பாட்டிலிருந்துதான் பெரும்பகுதிச் சத்து வருகிறது. ஆனாலும் தண்ணீரில் வரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் காசு கொடுத்து எறிவானேன்?

இன்னொன்று, ஆசைக்குச் சொல்கிறேன். நடைமுறைக்கு உதவும் ஆர்.ஓ. சவ்வை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிய இருவரில் ஒருவர் சிட்னி லோப், மற்றவர் ஸ்ரீனிவாச சௌரிராஜன். இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர். 1965-ல் கோலிங்கா என்கிற சின்ன ஊருக்கு அந்தச் சவ்வை வைத்து உவர்நீரைக் குடிநீராக்கிக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கு அது தேவைப்பட்டது. 310 உள்ள சத்துவாச்சாரிக் குழாய்க்கு என்ன தேவை என்பதுதான் கேள்வி.

லாட்ஜ் அக்கா
திங்கள், காலை 11:25

நானும் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல சின்ன லாட்ஜ் நடத்தறேன். கல்கத்தா பக்கத்து பேஷன்ட்தான் நிறைய. மாசக் கணக்குல தங்கி, ரூமுலயே சமைச்சுச் சாப்பிடுவாங்க. முதல்ல கேன் போட்டோம். ஒரு நாள் கேனைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா அடியில பச்சையா பாசி. அன்னியோட நிறுத்திட்டு, போர் தண்ணிக்கு ஆர்.ஓ. பிளான்ட் போட்டேன்.

ஏழே மாசத்துல தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது. மெக்கானிக் மெம்பிரேனை வெளிய எடுத்து, பிளேடால கிழிச்சுப் பிரிச்சுக் காட்டினான். பாய் சுருட்டின மாதிரி சுத்தி சுத்தி வருது, ஒரு தாளு, ஒரு வலை, ஒரு தாளுன்னு. ஓரத்துப் பக்கம் தாளு மேல கையை வச்சா மணலு மாதிரி நறநறங்குது. இட்லிப் பானை அடியில படியுமே வெள்ளைக் காரை, அதேதான். 6,000 ரூபா போச்சு.

விசாரிச்சா, எங்க வாட்ச்மேன் தாத்தா வேஸ்ட் தண்ணி ஓடறதைப் பாத்து மனசு கேக்காம வால்வை முக்கால்வாசி மூடி வச்சிருக்காரு! நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு, திட்ட முடியல.

குடியாத்தம் சர்வீஸ்
திங்கள், மதியம் 12:02

அக்கா, வாரத்துக்கு ஒரு வீட்டுல இதைப் பாக்கறேன். கணக்கு பாருங்க. 1420 உள்ள தண்ணி 100 லிட்டர் போகுது. 30 லிட்டர் குடிக்க எடுத்தா, உப்பு எல்லாம் மீதி 70 லிட்டர்ல அடையும், அது 2000 ஆகும். ஆசைப்பட்டு 70 லிட்டர் எடுத்தா, அதே உப்பு 30 லிட்டர்ல. 4500 தாண்டிடும். அந்தச் செறிவுல சுண்ணாம்பு கரைஞ்சு நிக்காது, மெம்பிரேன் மேலயே உக்காந்துரும். நிறைய எடுக்கணும்னா முன்னாடியே கடினத்தைக் குறைக்கணும், இல்ல காரை பிடிக்காத மருந்து விடணும். வால்வை மட்டும் மூடினா வேலைக்காவாது.

இன்னொண்ணு, மெம்பிரேனுக்கு முன்னாடி இருக்கிற கார்பன் ஃபில்டரை மறந்துராதீங்க. குழாய்த் தண்ணியில வர்ற குளோரின் மெம்பிரேன் தாளைத் தின்னுடும். சிலர் கார்பனை மூணு வருஷம் மாத்தாம ஓட்டிட்டு, "மெம்பிரேன் டூப்ளிகேட்"னு என் சட்டையைப் பிடிக்கிறாங்க.

லாட்ஜ் அக்கா
திங்கள், மதியம் 12:20

வேஸ்ட் தண்ணியை இப்ப டிரம்முல பிடிச்சு பாத்ரூம், தரைக்கு ஊத்தறோம். செடிக்கு ஊத்திப் பாத்தேன். தென்னை தாங்குச்சு. கருவேப்பிலை நுனியெல்லாம் கருகிப் போச்சு தம்பி.

முள்ளுக்கத்திரி
திங்கள், மாலை 5:45

டி.டி.எஸ். கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கே, அதைத் திறந்தா 28, 120 ஆகுது. சத்து திரும்பி வருதுன்னு மெக்கானிக் சொன்னாரு. வாஸ்தவமா?

ஓய்வுபெற்ற பிப்பெட்
திங்கள், மாலை 6:30

அந்தத் திருகு சத்தைத் தயாரிப்பதில்லை. மெம்பிரேனைச் சுற்றிக்கொண்டு வந்த பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிறது. 1420-ஐ வைத்து 120 வரவேண்டுமென்றால் நூறில் ஏறக்குறைய ஏழு பங்கு பச்சைத் தண்ணீர். ஃப்ளோரைடுக்கு அது பெரிய ஆபத்தில்லை, ஏழு பங்கில் சொற்பமே வரும். கிருமிக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. ஏழு பங்கே ஒரு குடும்பத்துக்கு வயிற்றுப்போக்கு தரப் போதும். கலக்கும் தண்ணீர் யு.எஃப். வழியாகவோ புற ஊதா விளக்கு வழியாகவோ வருகிறதா என்று குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்.

பாலாற்று மணல்
திங்கள், இரவு 8:00

ஐயா, குரோமியம்? ராணிப்பேட்டைப் பக்கம் குவிச்சு வச்சிருக்கிற கழிவு மலையைப் பத்தி வாய் திறக்க மாட்டேங்கறீங்களே.

ஓய்வுபெற்ற பிப்பெட்
திங்கள், இரவு 8:40

திறக்கிறேன். அந்தக் கழிவைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை எந்த மெஷின் வைத்தும் குடிக்கச் சொல்ல மாட்டேன். ஆர்.ஓ. குரோமியத்தைப் பெருமளவு தடுக்கும், உண்மை. ஆனால் மெம்பிரேன் ஓரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் வளையம் நைந்துபோனால் தண்ணீரின் நிறமும் ருசியும் மாறாமல் விஷம் உள்ளே வரும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அங்கே வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவருவதுதான் முறை. அதை வீட்டுக்கு வீடு மெஷின் வாங்கும் கடமையாக மாற்றியதில் எனக்கும் உங்கள் கோபம் உண்டு.

சத்துவாச்சாரி வாசி
அடுத்த புதன், மாலை 7:15

எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட் வந்துடுச்சு.

குழாய்த் தண்ணி: டி.டி.எஸ். 324, கடினம் 150, ஃப்ளோரைடு 0.4, நைட்ரேட் 9. சம்ப்புல எடுத்ததுல கோலிஃபார்ம் கிருமி இருக்கு, தெருக்குழாயில நேரா பிடிச்சதுல இல்ல. அதாவது அழுக்கு எங்க சம்ப்புலதான்! மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா, மூலையில ஒரு வேர் உள்ள எட்டிப் பாக்குது.

போர்: டி.டி.எஸ். 1390, ஃப்ளோரைடு 1.8, நைட்ரேட் 62.

ஓய்வுபெற்ற பிப்பெட்
அடுத்த புதன், இரவு 7:50

நைட்ரேட் 62 என்றால் பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். போர் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் அதிலேயே இருந்து செறிவாகும். சம்ப்பை இறைத்து, வெடிப்பை அடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீருக்கு யு.எஃப். போதும்.

லாட்ஜ் அக்கா
அடுத்த புதன், இரவு 8:05

ஐயா சொல்றது சரி, ஆனா சித்திரை வைகாசியில குழாய் பத்து நாள் வரலன்னா? அப்ப போர்தானே? ஒரு சின்ன ஆர்.ஓ.வும் இருக்கட்டும் தம்பி. நாலு நாள் கேன் வாங்கினா மனசு அடிச்சுக்கும்.

சத்துவாச்சாரி வாசி
அடுத்த புதன், இரவு 8:30

சம்ப் 6,000 லிட்டர்க்கா. குடிக்க, சமைக்க மட்டும்னா எங்க நாலு பேருக்கு ஒரு மாசமே தாங்கும். குழாய்த் தண்ணியைத் துணி துவைக்க எடுக்கறதை நிறுத்தினாலே போதும்னு நினைக்கிறேன். யு.எஃப். 2,600 ரூபாய்க்கு வாங்கிட்டேன். கரண்ட் வயரே இல்லாததைப் பாத்து அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. "லைட்டு கூட எரியல, என்னத்தைச் சுத்தம் பண்ணுது?"

குடியாத்தம் சர்வீஸ்
அடுத்த புதன், இரவு 9:10

😀 ஒண்ணு மட்டும் கவனம். ஊருக்குப் போறப்ப தொட்டியைக் காலி பண்ணிக் காய வச்சுராதீங்க. அந்தச் சேமியா நரம்பு ஒரு தடவை காய்ஞ்சா அப்புறம் தண்ணி விடாது. கொஞ்சம் தண்ணி எப்பவும் நிக்கணும்.

சத்துவாச்சாரி வாசி
சனி, காலை 7:20

ண்ணா, இன்னிக்குக் குழாய் வந்துச்சு, மழையில ஒரே கலங்கல். ஃபில்டர்ல ஊத்தினா அரை மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்தான் இறங்குது. ரிப்பேரா?

ஓய்வுபெற்ற பிப்பெட்
சனி, காலை 7:45

ரிப்பேர் இல்லை. கலங்கல் துளையை அடைக்கிறது, அதைக் கழுவி விடுங்கள். இனி அப்படி வந்தால் முதலில் குடத்தில் தெளியவிடுங்கள். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றி வைத்தால் மண் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு ஃபில்டரில் ஊற்றுங்கள்.

முள்ளுக்கத்திரி
சனி, காலை 8:00

தேற்றாங்கொட்டை இப்ப எங்க கிடைக்குது?

லாட்ஜ் அக்கா
சனி, காலை 8:04

லாங் பஜார்ல நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. மண்சட்டியும் ஒண்ணு வாங்கிக்குங்க, எவர்சில்வர்ல உரசினா தேயாது.